ரவுட்டரின் மேல் யாருக்குப் பாத்தியதை?

வீட்டுக்கு இணையத்தைக் கொண்டுவரும் ரவுட்டரின் உள்ளமைப்புகளைத் திறந்து பார்க்கவும் வேண்டியபடி மாற்றவும் யாருக்குப் பாத்தியதை உண்டு என்ற கேள்வி, மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு அற்பமாகத் தோன்றக்கூடும். ஆயினும், எஞ்சினியர்களும் வழக்கறிஞர்களும் கம்பெனிகளும் அரசாங்கங்களும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மாறி மாறி விடை கூறி வந்தும் அது இன்னும் முடிவு காணாமலே நிற்கிறது. பெட்டியைக் காசு கொடுத்து வாங்கியவரே அதன் முழு எஜமானர் என்பது ஒரு கட்சி. அது இணைப்புத் தரும் கம்பெனியின் வலைப்பின்னலுக்குக் கடைசிக் கண்ணி, ஆகையால் அதைக் கவனித்துக்கொள்வதும் கம்பெனியின் வேலையே என்பது இன்னொரு கட்சி. பெட்டியைச் செய்து விற்றவர் அதன் ஆயுள் உள்ளவரை தூரத்திலிருந்தே பராமரிக்க வேண்டும் என்போர் உண்டு. ஒரு வீட்டுப் பெட்டியின் பலவீனம் ஊராரையெல்லாம் தாக்கும் ஆயுதமாகிவிடுவதால் அரசாங்கம் தலையிடாமல் தீராது என்போரும் உண்டு. இக்கட்சிகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு விபத்தையோ தகராறையோ ஒட்டிப் பிறந்தவையாதலால், அந்தச் சந்தர்ப்பங்களோடு சேர்த்துப் பார்த்தாலன்றி அவற்றின் பலமும் குறையும் விளங்கா.

பெட்டிக்குள் இருக்கும் பக்கம்

வாதத்துக்குள் புகுமுன் வழக்குக்குரிய பொருளைச் சற்று நெருங்கிப் பார்த்துவிடுவது நல்லது. ரவுட்டரோடு இணைந்த கணினியிலோ கைபேசியிலோ பிரவுசரைத் திறந்து, முகவரிப் பட்டையில் 192.168.1.1 என்றோ 192.168.0.1 என்றோ, ஜியோவின் பெட்டியாயின் 192.168.29.1 என்றோ தட்டினால், பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் சிறு பக்கம் ஒன்று வரும். இரண்டும் பெரும்பாலும் பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள சீட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். உள்ளே நுழைந்தால் வைஃபையின் பெயர், அதன் கடவுச்சொல், ஒலிபரப்பும் சானல், அந்த நேரத்தில் இணைந்திருக்கும் கருவிகளின் ஜாபிதா, இணைப்பில் நுழையக் கம்பெனி கொடுத்த பி.பி.பி.ஓ.இ. கணக்கு, டி.என்.எஸ். முகவரிகள், ஃபர்ம்வேர் எனப்படும் உள்மென்பொருளின் பதிப்பு எண் ஆகியவை வரிசையாகக் கிடக்கும். எதையேனும் மாற்றிவிட்டு 'சேவ்' என்பதை அழுத்த மறந்தால் செய்த மாற்றம் வீணாகும். அழுத்தினால், பல பெட்டிகளில் விளக்குகள் எல்லாம் அணைந்து ஓரிரு நிமிஷம் கழித்தே மீண்டும் எரியும். கடவுச்சொல் மறந்துபோனவர், பின்புறத்து ஊசித்துளைக்குள் குண்டூசி ஒன்றை நுழைத்துப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் பெட்டி ஆலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் அதோடு பி.பி.பி.ஓ.இ. கணக்கும் அழிந்துபோவதால், அடுத்தபடியாக லைன்மேனுக்குப் போன் போடவேண்டி வரும்.

இந்த முகவரிக்கு ஒரு சரித்திரம் உண்டு. இணைய முகவரிகள் தீர்ந்துபோகும் என்ற பயத்தினால், ஒரே பொது முகவரிக்குப் பின்னால் பல கருவிகள் ஒதுங்கி நிற்கும் உபாயம் 1994-ல் ஆர்.எஃப்.சி. 1631 என்ற ஆவணத்தில் விவரிக்கப்பட்டது. வீட்டுக்குள்ளும் ஆபீசுக்குள்ளும் மட்டும் வழங்கும் தனி முகவரித் தொகுதிகள் 1996 பிப்ரவரியில் வெளியான ஆர்.எஃப்.சி. 1918-ல் ஒதுக்கப்பட்டன. 192.168 என்று தொடங்குபவை அவற்றுள் ஒரு தொகுதியாகும். வெளியுலகிலிருந்து அந்த முகவரியைத் தேடி யாரும் வர இயலாது. ஆகவே, அப்பக்கத்தைத் திறப்பவர் வீட்டுக்குள் இருப்பவராகத்தான் இருக்கவேண்டும், வீட்டுக்குள் இருப்பவர் நம்பத் தக்கவராகத்தான் இருக்கவேண்டும் என்ற அனுமானம் ரவுட்டர்களை வடிவமைத்தவர்களின் மனத்தில் வேரூன்றிவிட்டது. பின்னால் நேர்ந்த சங்கடங்களில் பாதிக்கு இந்த அனுமானமே மூலம்.

அந்தப் பக்கத்தில் உள்ளவற்றுள் மிகுந்த அபாயம் தரக்கூடியது, யாருடைய கவனத்துக்கும் வராத டி.என்.எஸ். கட்டந்தான். தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் எண்ணைத் தரும் டெலிபோன் டைரக்டரி எங்கே இருக்கிறது என்பதைக் குறிக்கும் கட்டம் அது. அங்கே வேறொரு எண் புகுந்துவிட்டால், வங்கியின் பெயரைச் சரியாகத் தட்டியவரும் போலி வங்கியின் வாசலில் போய் நிற்பார். 'டி.என்.எஸ். சேஞ்சர்' என்ற தீநிரல் இவ்வாறு 40 லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகளைத் திசை திருப்பியிருந்ததை அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2011 நவம்பரில் வெளிப்படுத்தியது. அந்த நிரல் கணினியோடு நில்லாமல், வழக்கமான கடவுச்சொற்களைச் சோதித்து வீட்டு ரவுட்டரின் கட்டத்தையும் மாற்றப் பார்த்தது. பாதிக்கப்பட்டவர்கள் திடீரென்று இணையமின்றித் தவிக்காதிருக்க நீதிமன்ற அனுமதியோடு தற்காலிக சர்வர்கள் நடத்தப்பட்டு, 2012 ஜூலை 9-ஆம் தேதி நிறுத்தப்பட்டன.

தொலைபேசிக் காலத்து முன்வழக்கு

வழக்கு ரவுட்டரோடு பிறந்ததன்று. அமெரிக்கத் தொலைபேசியைத் தன் கையில் வைத்திருந்த ஏ.டி. அண்டு டி. கம்பெனி, தன் கருவியோடு அன்னியப் பொருள் எதையும் இணைக்கலாகாது என்று சந்தாதாரர்களைக் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. பேசுவது பக்கத்திலிருப்பவர் காதில் விழாதபடி வாய்க்குழலில் மாட்டிக்கொள்ளும் 'ஹஷ்-எ-ஃபோன்' என்ற எளிய மறைப்பைக்கூட அது விட்டுவைக்கவில்லை. வாஷிங்டன் அப்பீல் கோர்ட்டு 1956-ல் அந்தத் தடை நியாயமற்றது என்றது. 1968-ல், ரேடியோவையும் தொலைபேசியையும் இணைக்கும் 'கார்ட்டர்ஃபோன்' விவகாரத்தில், வலைப்பின்னலுக்குக் கேடு செய்யாத சாதனத்தைத் தடுக்கக் கம்பெனிக்கு அதிகாரம் இல்லை என்று மத்தியத் தகவல் தொடர்பு ஆணையம் தீர்ப்பளித்தது.

வீட்டுக்காரரின் பக்கம் பேசுவோர் இன்றும் இத்தீர்ப்பையே முதல் ஆதாரமாகக் காட்டுவர். ஆனால் ஒப்புமை முழுமையானதன்று. வாய்க்குழலில் மாட்டிய மறைப்பினால் பேச்சுத் தெளிவு குன்றினால் அந்த நஷ்டம் பெரும்பாலும் பேசுகிற இருவரோடு போகிறது. தவறாக அமைந்த ரவுட்டரோ, தன் எஜமானருக்கு யாதொரு உபத்திரவமும் தோன்றாமலே, கண்காணாத தேசத்து சர்வர் ஒன்றைத் தாக்கும் படையில் சேர்ந்துவிடக்கூடும். 'கேடு செய்யாதவரை' என்ற நிபந்தனை அக்காலத்தில் ஒரு சம்பிரதாய வாசகம். இக்காலத்தில் வழக்கு முழுவதும் அதற்குள்தான் இருக்கிறது.

வீட்டுக்காரரே எஜமானர்

இந்தக் கட்சிக்கு உருவம் கொடுத்தது, 2002 டிசம்பரில் விற்பனைக்கு வந்த லிங்க்ஸிஸ் டபிள்யு.ஆர்.டி. 54ஜி என்ற நீலமும் கறுப்புமான பெட்டி. அதன் ஃபர்ம்வேர் லினக்ஸின் மேல் கட்டப்பட்டது என்பதை 2003-ல் சில நிரலாளர்கள் கண்டுகொண்டனர். லினக்ஸின் உரிமப்படி மூலநிரலைத் தந்தாக வேண்டும் என்று அவர்கள் வற்புறுத்த, அது வெளியிடப்பட்டது. அதைப் பற்றிக்கொண்டு 2004 ஜனவரியில் தொடங்கிய ஓப்பன்டபிள்யுஆர்டி என்ற திட்டம், செய்தவர் மறைத்தோ விட்டோ போன அமைப்புகளையெல்லாம் வாங்கியவர் கைக்குக் கொண்டுவந்ததோடு, கம்பெனி கைவிட்ட பெட்டிகளுக்கும் புதுப்பிப்புக் கொடுத்துக்கொண்டு இன்றும் நடந்து வருகிறது. இதனிடையே லிங்க்ஸிஸை வாங்கியிருந்த சிஸ்கோவின் மீது, உரிமத்தைச் சரிவரப் பின்பற்றவில்லை என்று ஃப்ரீ சாப்ட்வேர் பவுண்டேஷன் 2008 டிசம்பரில் வழக்குத் தொடுத்து, 2009 மே மாதம் சமாதானமாக முடித்துக்கொண்டது. மூலநிரல் வெளியே இருந்தால் பலர் கண்ணில் பட்டுப் பிழை நீங்கும் என்பதும், சொந்தப் பொருளில் பூட்டிய அறை இருக்கலாகாது என்பதும் இக்கட்சியாரின் இரு தூண்கள்.

இதன் பலவீனம் வெளிப்படையானது: பெரும்பாலோர் அந்தப் பக்கத்தை ஒருமுறைகூடத் திறப்பதில்லை. பிரிட்டனில் 2018-ல் ஒரு விலை ஒப்பீட்டு நிறுவனம் நடத்திய விசாரணையில், நூற்றுக்கு 82 பேர் ரவுட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றியதே இல்லை என்று சொன்னார்கள். ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த கிரின்டரும் எட்வர்ட்ஸும் பிறரும் 2005-ஆம் ஆண்டு முதல் வீடு வீடாகச் செய்த ஆராய்ச்சிகள், கணினித் தொழிலில் இருப்பவர் வீட்டில்கூட வீட்டு வலைப்பின்னல் சிரமத்தோடுதான் ஓடுகிறது என்பதைக் காட்டின. குடும்பத்தில் ஒருவர் அதற்குப் பொறுப்பாளராகிவிட, மற்றவர்கள் அதைத் தொட அஞ்சும் நிலையும் அவற்றில் பதிவாகியுள்ளது.

திறக்காமல் விடுவதன் விளைவு என்ன என்பதை, 2006-ஆம் ஆண்டு இறுதியில் இந்தியானா பல்கலைக்கழகத்தாரும் சைமன்டெக் கம்பெனியாரும் சேர்ந்து எடுத்துரைத்தனர். தீய வலைப்பக்கம் ஒன்றை வீட்டிலுள்ள ஒருவர் பார்த்தால் போதும். அவருடைய பிரவுசரே உள்ளிருந்தபடி 192.168.1.1-ஐ அணுகி, ஆலைக் கடவுச்சொல்லைக் கொடுத்து, டி.என்.எஸ். கட்டத்தை மாற்றிவிடும். உள்ளே இருப்பவர் நம்பத் தக்கவர் என்ற பழைய அனுமானம் அதோடு உடைந்தது. 2016-ல் தலையெடுத்த மிராய் என்ற தீநிரலுக்கு, அறுபதுக்குச் சற்று மேற்பட்ட ஆலைக் கடவுச்சொற்களின் ஜாபிதா ஒன்றே மூலதனம். காமிராக்களையும் ரவுட்டர்களையும் அதைக் கொண்டு வசப்படுத்தியவர்கள் அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் தேதி டின் என்ற டி.என்.எஸ். கம்பெனியைத் தாக்க, ட்விட்டர், நெட்ஃப்ளிக்ஸ் போன்ற தளங்களே அமெரிக்காவில் பல மணி நேரம் தடுமாறின.

இவற்றைக் கொண்டு குற்றம் முழுவதையும் சோம்பேறி வீட்டுக்காரரின் தலையில் கட்டுவது சுலபம். எழுதுவோர் பலர் அப்படியே கட்டியும் விடுகின்றனர். பிரேசிலில் நடந்ததை அறிந்தவர் அவ்வளவு விரைவில் தீர்ப்புக் கூறார். அங்கே 2011-ஆம் ஆண்டு முதல் 45 லட்சம் டி.எஸ்.எல். மோடங்களின் டி.என்.எஸ். மாற்றப்பட்டு, வங்கி வாடிக்கையாளர்கள் கொள்ளையடிக்கப்பட்டனர். அந்தத் தாக்குதலில் பயன்பட்ட குறையோ, வீட்டுக்காரர் மாற்றி வைத்த கடவுச்சொல்லையும் மோடமே வெளியே எடுத்துக் கொடுத்துவிடும் தன்மையுடையது. உள்ளே புகுந்தவர்கள் அக்கடவுச்சொல்லைத் தாமே மாற்றிவிட்டதால் சொந்தக்காரரால் திரும்ப நுழையவும் முடியவில்லை. கடமையைச் செய்தவரும் செய்யாதவரும் ஒரே கதிக்கு ஆளானார்கள்.

இந்தியாவில் 2017 ஜூலையில் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் சந்தாதாரரின் மோடங்கள் பல, கர்நாடகத்தில் விசேஷமாக, செயலற்றுப்போயின. 60,000-க்கு மேற்பட்டவை பாதிக்கப்பட்டதாகச் செய்திகள் கூறின. 'அட்மின்' என்ற ஆலைக் கடவுச்சொல் மாறாதிருந்தவையே தாக்கப்பட்டன என்று கம்பெனி சொல்லி, மாற்றிக்கொள்ளும்படி சந்தாதாரர்களுக்குப் புத்திமதி கூறியது. மோடத்தை லைன்மேன் வந்து மாட்டிவிட்டுப் போகும் நாட்டில், 192.168.1.1 என்ற எண்ணைக் கேள்விப்பட்டே இராத ஒருவரிடம் இந்தப் புத்திமதி எவ்வளவு தூரம் செல்லும் என்ற சந்தேகம் நியாயமானதே.

கம்பெனியின் நீண்ட கை

வீட்டுக்காரரால் முடியாததைத் தாமே செய்கிறோம் என்பது கம்பெனிகளின் விடை. அதற்கான கருவி 2004 மே மாதம் டி.எஸ்.எல். ஃபோரம் வெளியிட்ட டி.ஆர்.-069 என்ற நெறிமுறை. இதன்படி ரவுட்டர் அவ்வப்போது கம்பெனியின் சர்வரோடு தொடர்புகொண்டு, தன் நிலைமையைத் தெரிவித்து, கட்டளைகளைப் பெற்றுக்கொள்ளும். ஃபர்ம்வேரைப் புதுப்பித்தல், கணக்கைப் பதித்தல், பழுது பார்த்தல் எல்லாம் ஆள் போகாமலே நடக்கும். அழைப்பு மையத்தில் இருப்பவர், 'உங்கள் வைஃபை சானலை மாற்றிவிட்டேன், இப்போது பாருங்கள்' என்று சொல்வது இதன் வழியாகத்தான். முதியவர்கள் மட்டும் இருக்கும் ஒரு வீட்டுக்கு இது பேருபகாரம் என்பதை மறுப்பதற்கில்லை.

ஆனால் ஒரு கை லட்சம் வீடுகளுக்குள் எட்டுமானால், அந்தக் கையைப் பிடித்தவர் லட்சம் வீடுகளையும் பிடித்தவராவார். 2014 டிசம்பரில் செக் பாயின்ட் கம்பெனி வெளிப்படுத்திய 'மிஸ்ஃபார்ச்சூன் குக்கி' என்ற குறை, டி.ஆர்.-069-க்காகத் திறந்து வைக்கப்பட்டிருந்த 7547 என்ற வாசலின் வழியே ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் பெட்டிகளை அணுகத்தக்கதாக இருந்தது. அதைவிட வருந்தத்தக்கது யாதெனின், அக்குறைக்குரிய மென்பொருளை எழுதிய நிறுவனம் 2005-லேயே திருத்திய பதிப்பை வெளியிட்டிருந்தது. சிப் செய்பவர், பெட்டி செய்பவர், கம்பெனி என்ற நீண்ட சங்கிலியில் அது எங்கோ தேங்கி, ஒன்பது ஆண்டுகளாகியும் வீடுகளைச் சேரவில்லை. தூரத்துப் பராமரிப்பு என்ற ஏற்பாடு இருப்பது வேறு; பராமரிப்பு நடப்பது வேறு.

இரண்டாண்டு கழித்து, 2016 நவம்பர் 27-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, ஜெர்மனியில் டாய்ச்ச டெலிகாம் கம்பெனியின் வாடிக்கையாளர் சுமார் 9 லட்சம் பேருக்கு இணையமும் தொலைபேசியும் தொலைக்காட்சியும் தடைப்பட்டன. மிராய் வம்சத்துத் தீநிரல் ஒன்று அதே 7547 வாசலைத் தட்டிக்கொண்டு உலகெங்கும் அலைந்தது. அந்த ஜெர்மன் ரவுட்டர்கள் அதற்கு வசப்படவில்லை, தட்டலின் மிகுதி தாங்காமல் மயங்கி விழுந்தன என்று பின்னர் செய்த பரிசோதனைகள் காட்டின. இச்சம்பவத்தை இரு கட்சியாரும் தத்தமக்குச் சாட்சியாகக் கொள்வது விநோதம். கம்பெனியின் வாசல் திறந்திருந்ததால் விபத்து என்கிறது ஒரு கட்சி. ஓரிரு நாளுக்குள் திருத்திய ஃபர்ம்வேரை எல்லா வீடுகளுக்கும் கொண்டு சேர்த்ததும் கம்பெனியின் கைதானே என்கிறது மற்றது. இரண்டும் மெய். வீட்டுக்காரர் செய்யவேண்டியிருந்ததெல்லாம் பிளக்கைப் பிடுங்கிச் சற்றுப் பொறுத்து மறுபடி செருகுவதுதான்.

இந்த ஏற்பாட்டில் வேறொரு சங்கடமும் உண்டு. கம்பெனி தரும் பெட்டிகளில் பெரும்பாலும் இரண்டு கணக்குகள் இருக்கும். வீட்டுக்காரருக்குத் தெரிவிக்கப்படும் கணக்கு வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்றுவதோடு நின்றுவிடும். டி.என்.எஸ்., பெட்டியை வெறும் மோடமாக்கும் பிரிட்ஜ் மோடு, தூரத்து அணுகலை நிறுத்துவது முதலியவை மேலதிகாரக் கணக்கில் மறைந்திருக்கும். அந்த மேலதிகாரக் கடவுச்சொல் ஒரே மாடல் முழுவதற்கும் ஒன்றாகவே இருந்து, நாளடைவில் ஊரறிந்த ரகசியமாகிவிட்ட உதாரணங்கள் பல. அவ்வாறு ஆனபின், பூட்டு வீட்டுக்காரரை மட்டுமே தடுக்கிறது.

கணக்குத் தொடங்கினால்தான் கதவு திறக்கும்

பெட்டியைச் செய்தவரே இணையத்தின் வழியாகப் பராமரிப்பது என்ற மூன்றாவது விடைக்கு ஒரு தொழில்நுட்பக் காரணமும் துணையாக நிற்கிறது. 192.168.1.1 போன்ற தனி முகவரிக்கு, பிரவுசர்கள் நம்பும் சான்றிதழை எந்த அமைப்பும் வழங்கலாகாது என்பது விதியாகி, அவ்வாறு முன்பு வழங்கியவையும் 2016 அக்டோபருக்குள் ரத்தாயின. ஆகவே தன் வீட்டு ரவுட்டரைத் திறக்கும் சாமானியரை, 'இந்தத் தளம் பாதுகாப்பற்றது' என்ற எச்சரிக்கை வரவேற்கிறது. கைபேசிச் செயலியும் செய்தவரின் சர்வரும் இடையில் நின்றால் எச்சரிக்கை மறையும்; புதுப்பிப்பும் தானாக வரும்; மொழியும் எளிதாக இருக்கும்.

இக்கட்சியின் முதல் பெரும் சோதனை 2012 ஜூன் மாத இறுதியில் நேர்ந்தது. தானியங்கிப் புதுப்பிப்பை அனுமதித்திருந்த சில லிங்க்ஸிஸ் ரவுட்டர்களுக்குச் சிஸ்கோ புதிய ஃபர்ம்வேரை அனுப்ப, மறுநாள் தம் பெட்டியின் பக்கத்தைத் திறந்தவர்கள், பழைய கடவுச்சொல் செல்லாமல், 'சிஸ்கோ கனெக்ட் கிளவுட்' என்ற சேவையில் கணக்குத் தொடங்கும்படி கேட்கப்பட்டனர். வீட்டுக்குள் இருக்கும் பெட்டியின் சானலை மாற்ற, வெளியே இருக்கும் சர்வரின் அனுமதி வேண்டியதாயிற்று. போதாக்குறைக்கு, வலைப்பின்னலில் நடக்கும் போக்குவரத்தையும் இணையத்தில் பார்த்தவற்றின் வரலாற்றையும் சேகரிக்க இடங்கொடுக்கும் வாசகம் அதன் நிபந்தனைகளில் காணப்பட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் சிஸ்கோ அந்த வாசகத்தை நீக்கி, பழைய ஃபர்ம்வேருக்குத் திரும்பும் வழியையும் சில நாட்களில் அறிவித்தது. அடுத்த ஆண்டே லிங்க்ஸிஸை பெல்கினுக்கு விற்றுவிட்டது. இதில் கவனிக்கத்தக்கது, பாதுகாப்புக்காக எல்லோரும் பரிந்துரைக்கும் தானியங்கிப் புதுப்பிப்பே இங்கு உரிமையைப் பறிக்கும் வாகனமாயிற்று என்பதாகும். அதன்பின் அதை நிறுத்தி வைத்தவர்களை அவிவேகிகள் என்று சொல்ல முடியாது.

கூகிள் 2015-ல் கொண்டுவந்த ஆன்ஹப் ரவுட்டருக்குப் பழைய பாணி அமைப்புப் பக்கமே கிடையாது. எல்லாம் செயலியின் வழியேதான். 2017 பிப்ரவரியில் கூகிளின் கணக்குச் சேவையில் நேர்ந்த கோளாறினால் பல ஆன்ஹப், கூகிள் வைஃபை பெட்டிகள் ஆலை நிலைக்குத் திரும்பிவிட்டன. 2023 ஜனவரியோடு ஆன்ஹப்பைச் செயலியிலிருந்து நிர்வகிக்கும் வசதியும் முடிவுற்றது. பெட்டி வைஃபையைத் தந்துகொண்டிருக்கும். அதன் கடவுச்சொல்லை மட்டும் சொந்தக்காரர் மாற்ற இயலாது.

சட்டத்தின் தலையீடு

அரசாங்கங்களின் பிரவேசம் ஒரே நோக்கத்தோடு நிகழ்ந்ததன்று. இந்தியாவில் அது குற்ற விசாரணையின் வழியாக வந்தது. 2008 ஜூலை 26-ஆம் தேதி ஆமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சில நிமிஷங்கள் முன்பு பத்திரிகைகளுக்கு வந்த மின்னஞ்சல், நவி மும்பையில் பூட்டப்படாத ஒரு வீட்டு வைஃபையிலிருந்து அனுப்பப்பட்டது எனத் தெரிந்தபின், 2009 பிப்ரவரியில் தொலைத் தொடர்புத் துறை, வைஃபை இணைப்புகளைப் பாதுகாக்கும்படி இணையக் கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. வீட்டு ரவுட்டரின் ஓர் அமைப்பு, தேசப் பாதுகாப்பு விஷயமாயிற்று.

மேல்நாட்டுச் சட்டங்கள் ஆலைக் கடவுச்சொல்லையே குறிவைத்தன. கலிபோர்னியாவின் சட்டம் 2020 ஜனவரி 1 முதல், ஒவ்வொரு பெட்டிக்கும் தனிக் கடவுச்சொல் வேண்டும், அல்லது முதல் உபயோகத்திலேயே மாற்றச் சொல்ல வேண்டும் என்றது. ஐரோப்பியத் தரம் இ.என். 303 645 அதே ஆண்டு ஜூனில் வந்தது. பிரிட்டனின் சட்டம் 2024 ஏப்ரல் 29 முதல் அமலில் உள்ளது. வீட்டுக்காரரின் கல்வியை நம்பாமல் ஆலையிலேயே நோயைத் தடுப்பதால், இதுவரை கண்ட பரிகாரங்களுள் இதுவே எளிதும் பயனுள்ளதும் எனக் கொள்ளலாம். ஆயினும் தனிக் கடவுச்சொல் என்பதாலேயே அது ஊகிக்க முடியாததாகிவிடாது. தாம்சன் ஸ்பீட்டச் ரவுட்டர்களின் வைஃபைச் சாவி அவற்றின் வரிசை எண்ணிலிருந்தே கணக்கிடப்பட்டதும், ஒலிபரப்பாகும் பெயரை வைத்து அதைத் திரும்பக் கண்டுபிடிக்க முடிந்ததும் 2008-லேயே வெளிவந்துவிட்டன.

ஜப்பான் ஒரு படி மேலே சென்றது. சட்டத்தைத் திருத்தி, 2019 பிப்ரவரி முதல், அரசு ஆராய்ச்சிக் கழகமே நாட்டின் ஏறத்தாழ 20 கோடி முகவரிகளில் உள்ள கருவிகளை நாடி, ஊகிக்கத் தக்க கடவுச்சொற்களைத் தட்டிப் பார்த்து, திறந்துகொண்டவற்றின் சொந்தக்காரருக்குக் கம்பெனி மூலம் எச்சரிக்கை அனுப்பியது. திருடன் செய்வதையே காவலர் செய்யலாமா என்ற ஆட்சேபம் அங்கேயே எழுந்தது.

அமெரிக்காவில் தலையீடு எதிர்த்திசையில் போகப் பார்த்தது. விமான நிலையங்களின் வானிலை ரேடார்களுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் கருவிகளால் இடையூறு என்ற புகார் 2009 முதல் இருந்துவர, 2015 மார்ச்சில் தகவல் தொடர்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுக் குறிப்பு, மாற்று ஃபர்ம்வேர் ஏற்றப்படுவதை எவ்வாறு தடுத்திருக்கிறீர்கள் என்று உற்பத்தியாளரைக் கேட்டது. இணையத்தின் முன்னோடிகளுள் ஒருவரான வின்ட் சர்ஃப் உட்பட 250-க்கு மேற்பட்ட நிபுணர்கள், பூட்டுவதைவிடத் திறந்து பரிசோதிப்பதே பாதுகாப்பு என்று ஆணையத்துக்கு எழுதினர். முடிவு இருதரப்புக்கும் இசைவாக அமைந்தது: அமைப்புப் பக்கத்தில் தேசக் குறியீட்டை மாற்றினால் அனுமதிக்கு மேற்பட்ட சக்தியில் ஒலிபரப்பும் ரவுட்டர்களை விற்றதற்காக டி.பி.-லிங்க் கம்பெனி 2016 ஆகஸ்டில் 2 லட்சம் டாலர் செலுத்தியது. அதே உடன்படிக்கையில், ரேடியோ விதிகளை மீறாத மாற்று ஃபர்ம்வேருக்கு இடங்கொடுக்க முயல்வதாகவும் ஒப்புக்கொண்டது.

எல்லைக்கோடு எங்கே?

அமைப்புகளைப் பற்றிய சண்டையைப் பெட்டியைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக்கொண்டு தீர்க்கலாம் என்பது ஜெர்மனி கண்ட வழி. கேபிள் கம்பெனிகள் தம் பெட்டியையே திணித்து, இணைப்புக் கணக்கின் விவரத்தைத் தர மறுத்து வந்த வழக்கத்தை, 2016 ஆகஸ்ட் 1-ல் அமலான சட்டம் முடித்தது. வலைப்பின்னல் சுவரிலுள்ள முனையோடு முடிகிறது, அதற்கப்பால் உள்ளது வீட்டுக்காரருடையது என்று அது கோடு கிழித்தது. 2015-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய விதியும் விருப்பமான கருவியைப் பொருத்தும் உரிமையைக் கூறுகிறது. ஆனால் கோடு சுவரிலா, மோடத்துக்குப் பின்னா, ரவுட்டருக்கும் பின்னா என்பதை அந்தந்த நாட்டு அதிகாரிகள் தீர்மானிக்கலாம் என்று ஐரோப்பிய ஒழுங்குமுறையாளர் அமைப்பு 2020-ல் மூன்று இடங்களையும் குறித்துவிட்டதால், உரிமையின் அளவு நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஜெர்மனியிலேயே, ஒரே கண்ணாடியிழையைப் பல வீடுகள் பகிர்வதால் ஒரு தவறான பெட்டி தெருவையே கெடுக்கும் என்று கூறி, ஃபைபர் கம்பெனிகளின் சங்கங்கள் விலக்குக் கோரின. 1956-ல் ஏ.டி. அண்டு டி. சொன்னதற்கும் இதற்கும் உள்ள தூரம் அதிகமில்லை. ஆயினும் பகிர்ந்த இழையின் பௌதிகம் பொய்யன்று.

இந்தியாவில் ஜெர்மனியைப் போன்ற தனிச் சட்டம் இயற்றப்படவில்லை. பி.எஸ்.என்.எல். ஃபைபரில் சந்தாதாரர் தாமே வாங்கிய ஓ.என்.டி. என்ற ஃபைபர் முனைப் பெட்டியைப் பொருத்திக்கொள்ளலாம். வேறு இடங்களில், கம்பெனியின் பெட்டிக்குப் பின்னால் சொந்த ரவுட்டர் ஒன்றை மாட்டி, முன்னதன் பூட்டை மறந்துவிடுவதே விஷயம் தெரிந்தவர்களின் யுக்தி. இரண்டு பெட்டிக்கும் கரண்டு செலவு, இரட்டை முகவரி மாற்றத்தின் தொல்லை, இவற்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தீராத கணக்குகள்

இக்கட்சிகளைச் சீர்தூக்கின், ஆரம்ப நிலையைப் பத்திரமாக அமைக்கும் பாரம் வீட்டுக்காரர் மேல் இருக்கலாகாது என்பதில் இன்று ஏறக்குறைய எல்லோரும் ஒன்றுபடுகின்றனர் எனலாம். விரும்பிய வீட்டுக்காரர், வெளியார் அனுமதியின்றி, இணையமே அற்றுப்போன நேரத்திலும், உள்ளே நுழையும் வழி ஒன்று இருக்கவேண்டும் என்பதற்கு 2012-ஆம் ஆண்டுச் சிஸ்கோ அனுபவமும் ஆன்ஹப்பின் முடிவும் போதிய ஆதாரமாகத் தோன்றுகின்றன. இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல. பத்திரமான பெட்டி பூட்டிய பெட்டியாகத்தான் இருக்கவேண்டும் என்று கம்பெனிகள் பேசுவது, பழக்கத்தினாலும் சேவைச் செலவின் கணக்கினாலும் வந்ததாகலாம்.

இதற்கு மேல் உறுதி குறைகிறது. 'வீட்டுக்காரர்' என்று எல்லாக் கட்சியாரும் ஒருமையில் பேசுகின்றனர். வீட்டில் பலர் இருக்கிறார்கள். யார் யார் எப்போது இணைந்தார்கள் என்ற ஜாபிதாவை ஒருவர் மட்டும் பார்க்கும் வசதி, குழந்தைகளின் நலத்துக்கும் பயன்படும், மனைவியைக் கண்காணிக்கவும் பயன்படும். விடுதி நடத்துபவர், வாடகைக்கு விட்டவர் ஆகியோர் கையில் மேலதிகாரக் கணக்கு இருக்கும்போது குடியிருப்பவரின் நிலை என்ன என்பதும் விரிவான விவாதத்துக்கு வரவில்லை.

இறுதியாக, பராமரிப்பு நின்றுபோன பெட்டியின் கதி. ஐரோப்பிய ஒன்றியத்தின் இணையப் பாதுகாப்புச் சட்டம், 2027 டிசம்பர் 11 முதல், பொதுவாக ஐந்தாண்டுக்குக் குறையாத ஆதரவுக் காலத்தைக் கேட்கிறது. பிரிட்டன், அக்காலம் எவ்வளவென்று வாங்குவோருக்கு அறிவித்தால் போதும் என்கிறது. அக்காலம் முடிந்த மறுநாள், மேலதிகாரக் கணக்கையும் ஃபர்ம்வேரைத் திறக்கும் சாவியையும் சொந்தக்காரரிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று சிலர் வாதிக்கின்றனர். ஒப்படைத்தால் ஓப்பன்டபிள்யுஆர்டி போன்றவற்றால் சில பெட்டிகள் பிழைக்கும். பெரும்பாலான வீடுகளில் ஒருவரும் அந்தப் பக்கத்தைத் திறக்கப் போவதில்லையாதலால், பூட்டு நீங்கிய பழைய பெட்டிகள் அலமாரியின் மேல் வருஷக்கணக்கில் எரிந்துகொண்டிருக்கும். ஒப்படைக்காவிட்டாலும் அவை எரிந்துகொண்டுதான் இருக்கும். அவற்றை இணைப்பிலிருந்து நீக்கும் அதிகாரத்தைக் கம்பெனிக்குக் கொடுப்பதா, நீக்கினால் மாற்றுப் பெட்டிக்குப் பணம் தருவது யார் என்பதற்கு, இதுவரை கண்ட கட்சிகளுள் எதனிடமும் பொருத்தமான விடை இல்லை.